நெஞ்சு படபடக்கிறது: பதற்றமா, இதயமா?

(சென்ற மாதம் ஞாயிற்றுக்கிழமை மாலை நமது சமூகக் கூடத்தில், பி பிளாக்கில் வசிக்கும் நமது உறுப்பினரும் அரசு மருத்துவமனையில் பொது மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவருமான டாக்டர் அம்மா ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் கேள்வி-பதிலுடன் வெளியிடுகிறோம். - ஆசிரியர் குழு)



 கூட்டம் முடிந்ததும் சுண்டல், காபி உண்டு என்று வாட்ஸ்அப் குழுவில் போட்ட பிறகுதான் பாதி நாற்காலி நிரம்பியது என்று செயலாளர் சொன்னார். பரவாயில்லை. சுண்டல் இதயத்துக்கு நல்லதுதான்.

ஏன் இந்தத் தலைப்பு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கடந்த சில மாதங்களில் நம் வளாகத்திலிருந்து மூன்று பேர் ராத்திரி நேரத்தில் என் வீட்டு இன்டர்காமில் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் சொன்னது கிட்டத்தட்ட ஒரே வாக்கியம். "டாக்டர், நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு. டென்ஷனா, ஹார்ட்டான்னு தெரியல." ஒருவருக்கு அது பதற்றம். இன்னொருவருக்கு இதய இரத்தக் குழாயில் அடைப்பு. மூன்றாமவருக்கு இரண்டும் இல்லை, தைராய்டு. மூவரிடமும் அனுமதி வாங்கித்தான் பேசுகிறேன். பெயர், பிளாக் எதுவும் சொல்லமாட்டேன். யார் யார் என்று கண்டுபிடிக்க முயற்சி செய்யாதீர்கள்.

நான் இதய நிபுணர் இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. வார்டில் முதலில் ஆளைப் பார்த்து எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்கிற பொது மருத்துவர். அந்த வேலையில் கற்றுக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தூக்கம் வந்தால் இது மட்டும் காதில் விழட்டும். நெஞ்சு அசௌகரியம் முதல் முறையாக வந்தால், அது பதற்றமா இதயமா என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். என்னாலும் முடியாது. ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தாலும் முடியாது. ஈ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் சேர்ந்துதான் சொல்லும். நான் இன்று சொல்லப்போகிற வித்தியாசங்கள் எல்லாம் எப்போது ஓட வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக. ஓடாமல் இருக்கக் காரணம் தேடுவதற்காக அல்ல.

இரண்டும் ஏன் ஒரே மாதிரி இருக்கின்றன?

பயம் வந்தால் சிறுநீரகத்தின் மேலே இருக்கிற சின்னச் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கும், வியர்க்கும், கை நடுங்கும், மூச்சு வேகமாகும், வயிறு புரட்டும். புலி துரத்தினால் ஓடுவதற்காக உடம்பு வைத்திருக்கிற ஏற்பாடு இது. புலி இல்லாதபோதும், ராத்திரி 2 மணிக்குப் படுக்கையில் இருக்கும்போதும் இந்த ஏற்பாடு திடீரென்று இயங்கினால் அதைத்தான் பேனிக் அட்டாக் என்கிறோம்.

இப்போது மாரடைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இதயத் தசைக்கு இரத்தம் கிடைக்கவில்லை. உடம்புக்கு அது பெரிய ஆபத்து. அப்போதும் அதே அட்ரினலின்தான் வெளியே வருகிறது. அதே வியர்வை, அதே படபடப்பு, அதே "எனக்கு என்னமோ ஆகப்போகிறது" என்கிற பயம். அதனால்தான் "ரொம்பப் பயப்படுறாங்க, அதனால டென்ஷன்தான்" என்று சொல்ல முடியாது. மாரடைப்பு வந்தவரும் பயப்படத்தான் செய்வார்.

வார்த்தையிலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது. இதய வலிக்கு மருத்துவத்தில் ஆஞ்சைனா என்று பெயர். பதற்றத்துக்கு ஆங்கிலத்தில் ஆங்ஸைட்டி. இரண்டும் இறுக்குவது, நெரிப்பது என்று பொருள்படும் ஒரே பழைய லத்தீன் வேரிலிருந்து வந்தவை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் பலர் நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத் திணறல் என்று மருத்துவமனைக்கு வந்தார்கள். ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் அவர்களைப் பார்த்து 1871-இல் ஒரு கட்டுரை எழுதினார். இதயத்தில் பெரிய கோளாறு இல்லை, ஆனால் தொல்லை உண்மையானது என்று அவர் கண்டார். அதை "சிப்பாய் இதயம்" என்றும் சொன்னார்கள். ஆகவே 150 வருடமாக மருத்துவர்களே திணறுகிற விஷயம் இது. உங்களுக்குக் குழப்பம் வந்தால் வெட்கப்பட வேண்டாம்.

என் அக்கா

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அக்காவிடமே கேட்டேன். "சொல்லு, நாலு பேருக்கு உபயோகப்படட்டும்" என்றாள்.

அக்கா திருநெல்வேலியில் இருக்கிறாள். அப்போது அவளுக்கு வயது 58. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். மகள் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. ராத்திரி பத்தரை மணிக்கு போன் செய்தாள். "ஏட்டி, எனக்கு ஒரு மாதிரியா வருது. மூச்சு முட்டுது. வேர்த்துக் கொட்டுது. குமட்டுது. நெஞ்சு வலியெல்லாம் இல்ல." மண்டபத்துக்காரர் அன்றைக்குத்தான் தகராறு செய்திருந்தார். நகை பாலிஷ் போட்டு வரவில்லை. எனக்கு இதெல்லாம் தெரியும். நான் சொன்னேன், "அக்கா, கல்யாண டென்ஷன். வெந்நீர் குடிச்சிட்டுப் படு. காலைல பேசலாம்."

இருபத்தைந்து வருடம் வார்டில் நின்ற நான் சொன்னேன். வேறு ஒரு நோயாளி இதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தால் உடனே ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லியிருப்பேன். அக்கா என்பதால், அவள் எதற்கும் பதறுகிறவள் என்று சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும் என்பதால், கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கவில்லை.

காலை எட்டு மணிக்கு அத்தான் அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்த ஒன்பதரை மணி நேரத்தில் இதயத் தசையின் ஒரு பகுதி இறந்துவிட்டது. இறந்த இதயத் தசை திரும்ப வளராது. மகள் கல்யாணத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் ஆசீர்வாதம் செய்தாள். இன்றைக்கும் ஒரு மாடி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறாள். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டம்.

இதில் மூன்று பாடம் இருக்கிறது. ஒன்று, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நரம்புகள் பழுதாவதால் மாரடைப்பில் வலியே இல்லாமல் போகலாம். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் மூச்சு முட்டல், குமட்டல், தாங்க முடியாத சோர்வு, தாடை வலி, முதுகு வலி என்று மட்டும் வரலாம். இரண்டு, ஒருவருக்குக் கவலைப்படக் காரணம் இருக்கிறது என்பதால் அவருக்கு மாரடைப்பு வராது என்று ஆகிவிடாது. மூன்று, நமக்குப் பிடித்தவர்களைப் பற்றி நாம் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறோம். "அவ எப்பவுமே அப்படித்தான்" என்ற வாக்கியம் ஆபத்தானது.

இதய வலி பொதுவாக எப்படி இருக்கும்?

பலர் இதை "வலி" என்றே சொல்லமாட்டார்கள். அமுக்குது, பாரமா இருக்கு, அம்மிக்கல்லை வைத்த மாதிரி இருக்கு, இறுக்கிக் கட்டின மாதிரி இருக்கு என்பார்கள். நெஞ்சின் நடுவில் இருக்கும். "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டால் ஒரு விரலால் காட்டமாட்டார்கள். உள்ளங்கையை வைப்பார்கள், அல்லது முஷ்டியை மடக்கி நெஞ்சில் வைத்துக் காட்டுவார்கள். அங்கிருந்து இடது கை, சிலருக்கு இரண்டு கையும், தோள், கழுத்து, தாடை, முதுகு, மேல் வயிறு என்று பரவலாம். சட்டை நனைகிற மாதிரி சில்லென்று வியர்க்கலாம்.

அடைப்பு கொஞ்சம் கொஞ்சமாக உருவாகும்போது உழைப்புக்கும் வலிக்கும் ஒரு கணக்கு இருக்கும். இன்டர்காமில் கூப்பிட்ட இரண்டாமவர் அப்படித்தான். 64 வயது. தினமும் காலையில் நம் வளாகத்தைச் சுற்றி ஆறு ரவுண்டு நடப்பவர். மூன்றாவது ரவுண்டில் தாடையில் ஒரு இறுக்கம் வரும். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தால் மூன்று நிமிடத்தில் போய்விடும். பல்வலி என்று நினைத்தார், பிறகு வாயு என்று நினைத்தார். ஓமத் தண்ணீர் குடித்தார். ஆறு ரவுண்டை நாலாக்கினார், நாலை இரண்டாக்கினார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. நடந்தால் வருவது, நின்றால் போவது, இதுதான் ஆஞ்சைனாவின் கையெழுத்து. ஒரு நாள் ராத்திரி சும்மா படுத்திருக்கும்போதே வந்தது. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார். ஓய்விலும் வர ஆரம்பித்துவிட்டால் அது அவசரம். அன்றைக்கே சேர்த்தோம். இரண்டு இடத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது மறுபடி ஆறு ரவுண்டு நடக்கிறார்.

இதயம் சாராத வலிக்கும் சில அடையாளங்கள் உண்டு. ஊசி குத்துவது போல ஒரு வினாடி வந்து போவது, ஒரு விரலால் அமுக்கினால் அதே இடத்தில் அதிகமாவது, உடம்பைத் திருப்பினால் மாறுவது போன்றவை தசை அல்லது விலா எலும்பு சம்பந்தப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். வாய்ப்பு அதிகம் என்றுதான் சொல்கிறேன். உறுதி என்று சொல்லவில்லை.

பேனிக் அட்டாக் எப்படி இருக்கும்?

முதலில் கூப்பிட்ட தம்பிக்கு 29 வயது. ஐ.டி. வேலை. ஒரே மாதத்தில் நாலு முறை எமர்ஜென்சிக்குப் போய் நாலு ஈ.சி.ஜி. எடுத்திருந்தார். எல்லாம் நார்மல். கடைசியில் ஒரு இடத்தில், "உனக்கு ஒண்ணும் இல்ல, சும்மா பயம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது அவரை ரொம்பக் காயப்படுத்தியிருந்தது.

அவருக்கு வருவது இப்படி. எந்தக் காரணமும் இல்லாமல் திடீரென்று ஆரம்பிக்கும். சில நிமிடங்களில், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள், உச்சத்துக்குப் போகும். மூச்சு போதாத மாதிரி இருக்கும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்வது போல மரத்துப் போகும். தலை சுற்றும். சுற்றி இருப்பதெல்லாம் கனவு மாதிரி தோன்றும். "செத்துடுவேன்" அல்லது "பைத்தியம் பிடிச்சிடும்" என்று தோன்றும். இருபது முப்பது நிமிடத்தில் அலை அடங்கும். பிறகு துவைத்துப் போட்ட துணி மாதிரி சோர்வு.

விரல் மரப்பதற்குக் காரணம் இருக்கிறது. பயத்தில் வேக வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் உள்ள கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோகிறது. அதனால் இரத்தத்தின் அமில-காரச் சமநிலை மாறி நரம்புகள் கூச்சம் காட்டுகின்றன. சிலருக்கு விரல்கள் மடங்கி இறுகிக்கொள்ளும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் மூச்சு நிதானமானதும் சரியாகிவிடும். மூச்சு போதவில்லை என்று தோன்றுவதுதான் இதில் வேடிக்கை. உண்மையில் அவர் அளவுக்கு மீறி மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டும் இல்லாதவை

மூன்றாமவர் 41 வயதுப் பெண்மணி. வீட்டில் எல்லோரும் அவரை "டென்ஷன் பார்ட்டி" என்பார்கள். நாடித் துடிப்பு எப்போதும் 110. முக்கியமாக, தூங்கும்போதும் குறையவில்லை. நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைந்தது. கை நடுங்கியது. பரிசோதனையில் தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்வது தெரிந்தது. மருந்து எடுத்த சில வாரங்களில் "டென்ஷன்" போய்விட்டது.

இதேபோல இரத்தசோகை, சர்க்கரை குறைந்துபோவது, அதிக காபி, சில சளி மாத்திரைகள், ஆஸ்துமா இன்ஹேலர் எல்லாமே படபடப்பைத் தரலாம். சுவிட்ச் போட்ட மாதிரி ஒரே நொடியில் ஆரம்பித்து, நாடி 150-க்கு மேல் ஓடி, அதேபோல ஒரே நொடியில் நின்றால் அது இதயத்தின் மின்னோட்டக் கோளாறாக இருக்கலாம். அதைப் பேனிக் என்று தவறாக நினைத்து வருடக்கணக்கில் அலைகிறவர்கள் உண்டு. நடக்கும்போதே ஈ.சி.ஜி. எடுத்தால்தான் பிடிபடும். நுரையீரல் இரத்தக் குழாயில் கட்டி அடைப்பதும் திடீர் மூச்சு முட்டலாகத்தான் வரும். நீண்ட பயணம், அறுவை சிகிச்சை, பிரசவம் ஆகியவற்றுக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி, மூச்சும் முட்டினால் தாமதிக்கக் கூடாது.

நம் வீடுகளில் நடக்கும் தவறான சோதனைகள்

சோடா குடித்து ஏப்பம் விட்டேன், சரியாப் போச்சு, அதனால் கேஸ்தான் என்பது முதல் தவறு. இதய வலியும் தானாகக் கொஞ்சம் குறையும், பிறகு திரும்பும். ஏப்பம் வந்ததோ, அமில மாத்திரையில் குறைந்ததோ இதயம் இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

பக்கத்து வீட்டுத் தாத்தாவின் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை வாங்கிப் போட்டுப் பார்ப்பது இரண்டாவது. அது பி.பி.யைச் சட்டென்று இறக்கும். மயங்கி விழுந்து மண்டை உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் வலி குறைந்தாலும் இதய வலி என்று உறுதி ஆகாது, உணவுக்குழாய் வலிகூட அதில் குறையும்.

ஆக்சிமீட்டரில் 98 காட்டுகிறது, பி.பி. நார்மல், அதனால் பரவாயில்லை என்பது மூன்றாவது. மாரடைப்பின்போது இரண்டும் நார்மலாகவே இருக்கலாம்.

"போன மாசம்தான் ஃபுல் செக்கப் பண்ணினேன்" என்பது நான்காவது. போன மாதத்து ரிப்போர்ட் போன மாதத்தைப் பற்றியது.

அந்த நேரத்தில் என்ன செய்வது?

செய்கிற வேலையை நிறுத்தி உட்காருங்கள். தனியாக இருந்தால் முதலில் வாசல் கதவைத் திறந்து வையுங்கள். நெஞ்சில் அழுத்தம், மூச்சு முட்டல், சில்லென்ற வியர்வை, மயக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி என்று எது இருந்தாலும், ஐந்து நிமிடத்தில் குறையவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். வேர்த்துக் கொட்டினாலோ, மயக்கம் வந்தாலோ அந்த ஐந்து நிமிடமும் காத்திருக்க வேண்டாம். 40 வயதைத் தாண்டியவர், சர்க்கரை, பி.பி., புகைப் பழக்கம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர் என்றால் இன்னும் தாழ்ந்த வாசலை வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தாலே போங்கள். இளைஞர்களும் விதிவிலக்கு இல்லை. நம் நாட்டில் மாரடைப்பு மேற்கு நாடுகளைவிடச் சின்ன வயதிலேயே வருகிறது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நீங்களே போகாதீர்கள். மாடிப்படி இறங்காதீர்கள். லிஃப்டில் துணையோடு வாருங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை, வயிற்றுப்புண், இரத்தக் கசிவு இல்லாதவர்களுக்கு சுமார் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வது வழக்கம். 108-இல் பேசுபவரிடமோ மருத்துவரிடமோ போனிலேயே கேட்டுவிட்டுக் கொடுங்கள். தமிழக அரசு 2023-இல் "இதயம் காப்போம்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் கட்ட மாத்திரைகளைக் கொடுத்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிற ஏற்பாடு அது. ஊரில் இருக்கும் உங்கள் பெற்றோருக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

மருத்துவமனைக்குப் போனதும் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது நெறிமுறை. "நெஞ்சுவலி" என்ற வார்த்தையை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். "ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லி டோக்கன் வாங்கி உட்காராதீர்கள்.

ஏற்கெனவே பரிசோதித்து, பேனிக் என்று மருத்துவர் உறுதி செய்தவர்களுக்கு: வந்திருப்பது வழக்கமான அதே மாதிரிதான் என்றால் மூச்சைக் கவனியுங்கள். மூக்கால் நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே. காகிதப் பைக்குள் மூச்சு விடுகிற பழைய முறை வேண்டாம். உண்மையில் இதயமோ நுரையீரலோ கோளாறாக இருந்தால் அது ஆபத்து. இந்த முறை வந்தது புது மாதிரி இருந்தால், உழைக்கும்போது வந்தால், அரை மணி நேரத்தில் அடங்கவில்லை என்றால், பேனிக் என்ற பழைய சீட்டை ஓரமாக வைத்துவிட்டுப் போய்ப் பரிசோதியுங்கள். பேனிக் இருப்பவர்களுக்கும் மாரடைப்பு வரும்.

நம் வளாகத்துக்குச் சில வேண்டுகோள்கள்

போன முறை ஆம்புலன்ஸ் வந்தபோது டிரைவர் டி பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் நடுவில் சுற்றிக்கொண்டிருந்தார். பிளாக் எழுத்து ராத்திரியில் தெரியவில்லை. மேலே ஒரு விளக்கு போட்டால் போதும். ஆம்புலன்ஸ் வந்தால் செக்யூரிட்டி ரெஜிஸ்டரில் கையெழுத்து கேட்கக் கூடாது, ஒருவர் முன்னால் ஓடி லிஃப்டைப் பிடித்து வைக்க வேண்டும். லிஃப்ட் வாசலில் செருப்பு ஸ்டாண்டும் சைக்கிளும் இருந்தால் ஸ்ட்ரெச்சர் திரும்பாது.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வையுங்கள். பழைய ஈ.சி.ஜி., சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், ஒவ்வாமை, இரண்டு போன் நம்பர். பழைய ஈ.சி.ஜி. இருந்தால் புது மாற்றம் எது என்று மருத்துவருக்கு உடனே தெரியும். பக்கத்தில் எந்த மருத்துவமனையில் 24 மணி நேரமும் ஆஞ்சியோகிராம் வசதி இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் ஒரு சாவியை நம்பிக்கையான பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள்.

"நார்மல்" என்று வந்த பிறகு

ராத்திரி ஓடிப் போய், எல்லாம் நார்மல் என்று வந்து, வீட்டுக்கு வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? "இதுக்காடா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று கேட்கிறோம். அடுத்த முறை அவர் வாயைத் திறக்கமாட்டார். அந்த அடுத்த முறை நிஜமாக இருக்கலாம். வீண் அலைச்சல் என்று ஒன்று கிடையாது. இதயம் இல்லை என்று தெரிந்ததும் ஒரு பலன்தான்.

பதற்றமும் ஒரு நோய்தான், நடிப்பு அல்ல. அந்த 29 வயதுத் தம்பி முதலில் ஜிம்மை விட்டார். பிறகு லிஃப்டில் ஏறப் பயந்தார். பிறகு வண்டி ஓட்டவே பயந்தார். உலகம் ஒரு அறையாகச் சுருங்கியது. மனநல மருத்துவரிடம் போனார். எண்ணங்களையும் பயத்தையும் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் சிகிச்சையும், கொஞ்ச காலத்துக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். நாலு மாதத்தில் மறுபடி வேலைக்கு வண்டியிலேயே போகிறார். கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை மட்டும் வேண்டாம், அது பழக்கமாகிவிடும். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவர்களுக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இனி உங்கள் கேள்விகள்.

ஈ.சி.ஜி. நார்மல் என்றால் வீட்டுக்கு வந்துவிடலாமா? (ஏ பிளாக் உறுப்பினர்)

எப்போதும் அல்ல. ஆரம்பத்தில் ஈ.சி.ஜி. நார்மலாக இருந்து பிறகு மாறலாம். ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனையும் தசை பாதிக்கப்பட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் ஏறும். அதனால்தான் மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். பில் ஏற்றுவதற்காக என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமினால் பிழைக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே? (சி பிளாக் உறுப்பினர்)

நம் குழுவிலேயே மூன்று முறை வந்தது. நம்பாதீர்கள். இருமுகிற நேரத்தில் 108-ஐக் கூப்பிடலாம். ஒருவர் நினைவிழந்து, மூச்சும் சரியாக இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்க வேண்டும். அதற்குத் தனியாக ஒரு பயிற்சி வகுப்பு வைக்கக் கமிட்டியைக் கேட்டிருக்கிறேன். செக்யூரிட்டி ஊழியர்களும் அதில் கலந்துகொள்ள வேண்டும்.

என் ஸ்மார்ட் வாட்ச் ஈ.சி.ஜி. காட்டுகிறது. போதாதா? (டி பிளாக் இளைஞர்)

துடிப்பின் ஒழுங்கு தவறினால் அது சில சமயம் பிடிக்கும். மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. மருத்துவமனை ஈ.சி.ஜி. பன்னிரண்டு கோணத்தில் பார்க்கிறது, வாட்ச் ஒரே கோணத்தில் பார்க்கிறது. இன்னொன்று, பதற்றம் உள்ளவர்கள் நிமிடத்துக்கு ஒரு தடவை வாட்சைப் பார்த்தால் பதற்றம் கூடத்தான் செய்யும்.

எங்கள் மாமியார் வாரத்துக்கு ஒரு தடவை நெஞ்சு வலிக்குது என்கிறார். ஒவ்வொரு தடவையும் ஓட முடியுமா? (பெயர் வேண்டாம் என்றார்)

நியாயமான கேள்வி. ஒரு தடவை முழுமையாக, அவசரம் இல்லாத நாளில், ஈ.சி.ஜி., எக்கோ, தேவைப்பட்டால் டிரெட்மில், இரத்தசோகை, தைராய்டு எல்லாம் பார்த்துவிடுங்கள். "எந்த மாதிரி வந்தால் வர வேண்டும்?" என்று அந்த மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் நாலு கேள்வி கேளுங்கள். எப்போதும் வருவது மாதிரியா, புதுசா? நடக்கும்போது வந்ததா? வேர்க்கிறதா? மூச்சு முட்டுகிறதா? கேட்பதற்கு இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். தனிமையில் வருகிற பதற்றமாக இருந்தால் அதுவே பாதி மருந்து. இதயமாக இருந்தால் அந்த நாலு கேள்வியில் ஏதாவது ஒன்றில் தெரிந்துவிட வாய்ப்பு இருக்கிறது.

நான் அக்காவிடம் அன்றைக்குக் கேட்காமல் விட்டதும் அந்த நாலு கேள்விதான். ராத்திரி எத்தனை மணியானாலும் சந்தேகம் வந்தால் என் இன்டர்காமை அடியுங்கள். ஆனால் அதற்கு முன்னால் 108-ஐ அடித்துவிடுங்கள்.

சுண்டல் ஆறிவிடும்.